பட்டறி இறங்கின குரல்

அம்மா ஹெட்போன கழட்டி மேசையில வச்சிட்டு "இது அப்பா இல்ல மனே" எண்டா.

மூணு கிழமையா ராவு ராவா முழிச்சிருந்து பெல்ட் மாத்தி, ஹெட் துடைச்சி, பூஞ்சணம் தட்டி ஒரேயொரு கசெற்ற கொம்பியூட்டருக்குள்ள இறக்கினவனுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சிப் பாருங்க. நான் அம்மப்பாட குரல வாழ்க்கையில கேட்டதே இல்ல. அவர் 1993ல மோசம் போயிட்டார், நான் பிறந்தது 94. அந்தக் குரல ஒருக்கா கேக்கணும் எண்டுதான் இவ்வளவு பாடும் பட்டன், கடைசில அம்மா சொல்றா இது வேற ஆரோ எண்டு. "அப்பாட குரல் தடிச்ச குரல். இது ஆரோ பொடியன் பாடுறான்."

ஆனா கசெற்றுக்கு மேல மாமாட கையெழுத்துல நீலப் பேனையால தெளிவா கிடக்கு, "84 வைகாசி குளுத்தி. அப்பா" எண்டு.

சரி முதல்ல இருந்து வாறன்.

அம்மாட ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால. நாங்க இருக்கிறது கல்லடி. இப்பெண்டா மண்முனைப் பாலத்தால மோட்டச்சைக்கிள்ல ஒரே ஓட்டமா போயிரலாம், 2014ல அந்தப் பாலம் திறக்கமுன்ன பாதையிலதான் போகணும் (வெளியூர் ஆக்களுக்கு, இஞ்ச பாதை எண்டா றோட்டு இல்ல, வாவியக் கடக்க ஆக்களையும் சைக்கிளையும் ஏத்திட்டுப் போற மிதவை). ஊர்ல ஒரு கண்ணகை அம்மன் கோயில். வருசத்துக்கு ஒருக்கா வைகாசியிலதான் கதவு திறப்பாங்க, கலியாணக்கால் நட்டு, ஒவ்வொரு நாளும் ராவைக்கு கண்ணகி கதை சொல்ற வழக்குரை பாடி, கடைசியா குளுத்தி பாடி அம்மன குளிர வச்சிட்டு கதவப் பூட்டினா மறுகா அடுத்த வைகாசிதான். அம்மப்பா அதுல பாடுறவர். ஏட்ட முன்னால வச்சிருப்பாராம் ஆனா பாக்கமாட்டாராம், அவருக்கு எல்லாம் பாடம்.

மூத்த மாமா 83ல சவூதிக்குப் போனவர். 84ல லீவுல வரேக்குள்ள ஒரு ரேப் ரெக்கோடர் கொண்டு வந்திருக்கார், ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வச்ச பெரிய சாமான். ஊருக்கு அப்ப கரண்டே இல்ல. பெரிய பட்டறி ஆறு போட்டு கோயிலுக்கு தூக்கிட்டுப் போய் அம்மப்பாக்கு முன்னால வச்சி அமத்தியிருக்கார். அந்தக் கசெற்தான் இது.

அது எப்பிடி இவ்வளவு காலமும் தப்பினது எண்டே எனக்கு விளங்கல்ல. 1990ல ஊர விட்டு எல்லாரும் ஓடேக்குள்ள பெத்தா (அம்மாட அம்மா) ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், தோடு ஒரு சோடி, அதோட இந்தக் கசெற்றுகளையும் போட்டு சீலையால சுத்தி எடுத்திட்டுப் போயிருக்கா. கசெற்ற ஏன் எடுத்தீங்க எண்டு நான் சின்னதில கேட்டதுக்கு "உறுதிக்குக் கீழ கிடந்திச்சி மனே, ஆரு அப்ப பிரிச்சி எடுத்தது" எண்டு மட்டும் சொன்னா. 2011 ஜனவரி வெள்ளத்துக்கு ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ரின் அப்ப கூரை வளையில தொங்கினதால தப்பினது. 14 கசெற். அதுல ஆறு இலங்கை வானொலியில இருந்து பிடிச்ச படப்பாட்டு, மூணு மாமா சவூதில இருந்து கடிதத்துக்குப் பதிலா பேசி அனுப்பினது (அதப்பத்தி வேற நாளைக்கி எழுதுறன், அது ஒரு பெரிய கத), ரெண்டு கலியாணவீடு, ரெண்டு என்னெண்டே தெரியாது, மிச்சம் இது.

முதல்ல நான் செஞ்ச மடத்தனம், டவுன்ல ஒரு கடையில கசெற்ற சீடியாக்கித் தருவம் எண்டு போட் போட்டிருந்தாங்க, அங்க கொண்டுபோய் ஒரு கலியாணவீட்டுக் கசெற்ற குடுத்தன். நல்ல காலம் குளுத்திக் கசெற்ற குடுக்கல்ல. நாலு நாள் கழிச்சி சீடி வந்திச்சி. போட்டுக் கேட்டா பொம்புளையள் குரவை போடுற இடமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து ஆரோ கொப்புளிக்கிற மாதிரி. இரைச்சல எடுக்கிறம் எண்டு நொய்ஸ் ரிடக்சன இழுத்து விட்டிருக்காங்க. குரவையும் கூர்மையான சத்தம் கசெற் இரைச்சலும் கூர்மையான சத்தம், கண்ண மூடிட்டு வெட்டினா ரெண்டும் சேந்துதான் போகும். பத்தாததுக்கு லைன்ல குடுக்க வேண்டியத மைக் ஓட்டைக்குள்ள குத்தியிருக்காங்க போல, சத்தம் எழும்புற இடமெல்லாம் கரகரத்து கிடக்கு. காசையும் குடுத்திட்டு வந்து அண்டைக்கு ராவு முடிவெடுத்தன், இனி நானே செய்யிறது எண்டு.

டெக் ஒண்டு தேடினன். யூஎஸ்பி வயரோட வாற சின்ன பிளாஸ்டிக் பிளேயர் ஒன்லைன்ல மலிவா கிடக்கு, அத வாங்காதீங்க. மோட்டர் சீரா சுத்தாது, நீட்டிப் பாடுற இடத்தில குரல் அலையும். நான் எடுத்தது ஒரு பழைய மேசை டெக். ரிப்பெயர் செய்ற அண்ணன் ஒராள் "இது ஓடாது தம்பி, பாட்ஸுக்குத்தான் வச்சிருக்கன்" எண்டு ரெண்டாயிரத்தைந்நூறு ரூபாக்கு தந்தார். திறந்தா உள்ளுக்க பெல்ட் உருகி தார் மாதிரி கப்பியில ஒட்டிக் கிடக்கு. அத வழிச்சி எடுக்கவே ஒரு பின்னேரம் போயிட்டு, கை நகத்துக்க கறுப்பு ஒரு கிழமை நிண்டது. புது பெல்ட் போட்டன். ஹெட்டையும் பக்கத்தில நிக்கிற இரும்புக் கம்பியையும் ஸ்பிரிட்ல தோய்ச்ச பஞ்சால துடைச்சன், பஞ்சு மண்ணிறமா வந்துகொண்டே இருந்திச்சி, அது வேற ஒண்டுமில்ல, ஆரார்ர கசெற்றுகள்ல இருந்தோ உதிந்த இரும்புத் தூள். அந்த றப்பர் உருளைக்கு மட்டும் ஸ்பிரிட் கூட போடாதீங்க, காஞ்சி வெடிச்சிரும்.

மறுகா வேகம். கசெற் எண்டு பிலிப்ஸ் காரன் 1963ல கொண்டுவந்த நாள்ல இருந்து நாடா ஓடுற வேகம் ஒண்டுதான், செக்கனுக்கு 4.76 சென்டிமீற்றர். சி-90 கசெற் ஒரு பக்கம் 45 நிமிசம் எண்டா பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 130 மீற்றர் நாடா, அதுவும் தலமயிரவிட மெல்லிசு. டெக் சரியான வேகத்தில ஓடுதா எண்டு பாக்க, ஊட்டுல கிடந்த ரெண்டு ஒரிஜினல் படப்பாட்டுக் கசெற்றப் போட்டு அதே பாட்டுகள்ர சீடியோட ஒப்பிட்டுப் பாத்தன். ரெண்டுமே ஒண்டரை வீதம் வேகமா ஓடினது. மோட்டருக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஒரு திருகாணி, மணிக்கூட்டு ஸ்குரூ டிரைவரால ஒரு மயிரளவு திருப்பினா வேகம் மாறும். திருப்பி சரியாக்கினன். இத ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றன் எண்டா இதுதான் மறுகா அம்மாவோட சண்டை பிடிக்க எனக்கிருந்த ஒரே ஆயுதம்.

குளுத்திக் கசெற்ற வெளிச்சத்தில பிடிச்சிப் பாத்தா நாடாட ஓரத்தில வெள்ளை வெள்ளையா பொட்டு. பூஞ்சணம். எங்கட பக்கம் மாரியில உடுப்பே பூக்கும், கசெற் எம்மாத்திரம். நல்லவேளை அது அஞ்சு ஆணி போட்ட கசெற், ஒட்டினது இல்ல. ஆணி அஞ்சையும் கழட்டி மூடியத் தூக்கினா நாடாவ ஹெட்டோட அமத்திப் பிடிக்கிற சின்ன கம்பளித்துண்டு பசை விட்டு தனியா கிடக்கு. வேற ஒரு பழைய கசெற்றுல இருந்து அந்தக் கம்பளிய தகட்டோட கழட்டி இதுக்கு மாத்தினன். மாஸ்க் போட்டுட்டுத்தான் செஞ்சன், அந்தப் பூஞ்சணம் நெஞ்சுக்கு கூடாது. மெதுவா ஒரு துணித்துண்டால தொட்டும் தொடாம பிடிச்சி கையால சுத்தி, மறுகா மற்றப் பக்கம் சுத்தி, அப்பிடியே ரெண்டு நாள் போனது. ரெக்கோட் பண்ற ஓட்டைக்கு மேல இருக்கிற பல்ல மாமா அப்பவே முறிச்சி விட்டிருக்கார், அதாலதான் இதுக்கு மேல ஒருத்தரும் படப்பாட்டு பிடிக்காம விட்டிருக்காங்க. மற்றக் கசெற்றுகள்ல ஒண்டுல கலியாணவீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவில திடீரெண்டு விளம்பரம் ஓடுது.

டெக்ல இருந்து லைன் வயர ஒரு யூஎஸ்பி ஓடியோ பெட்டிக்குள்ள குத்தி, லாப்டொப்ல ஒடாசிட்டி எண்ட ஒலி திருத்துற சொப்ட்வெயார் திறந்து, சத்தம் கூடின இடத்திலயும் மைனஸ் ஆறு டெசிபெலுக்கு மேல போகாம லெவல் வச்சி, 24 பிட் 48 ஆயிரம் ஹேர்ட்ஸ்ல வேவ் ஃபைலா இறக்கினன். ஒலி ஆவணம் காக்கிற ஆக்கள் ஆகக் குறைஞ்சது இவ்வளவாவது வேணும் எண்டு சொல்ற அளவு அதுதான். ஒரு பக்கத்துக்கே முக்கால் ஜீபி கிட்ட வந்திச்சி. எம்பி3 ஆக்கி வாட்ஸப்ல அனுப்பலாம் அது பிறகு, முதல்ல எடுக்கிறது ஒண்டையும் வெட்டாம கொத்தாம எடுக்கணும். ஹெட்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஸ்பிரிங் ஆணிய கொஞ்சம் திருப்பி, சத்தம் ஆகத் தெளிவா வாற இடத்தில விட்டன், ஒவ்வொரு மெசினும் ஹெட்ட ஒவ்வொரு சரிவில வச்சிருக்கும், பதிஞ்ச மெசின்ட சரிவுக்கு நம்மட ஹெட் வந்தாத்தான் மூடின துணி விலகின மாதிரி குரல் திறக்கும். அந்த நிமிசம் மட்டும் சொல்லி விளங்காது.

முதல்ல வண்டுச் சத்தம். மறுகா ஆரோ இருமுறாங்க. பெற்றோல்மாக்ஸ் இரையிற சத்தம் எண்டு நான் நினைச்சது உண்மையில கசெற் இரைச்சல்தான். பறைமேளம் அடிக்கேக்குள்ள குரல் பதுங்கும், மேளம் விட்டதும் குரல் மெதுவா ஏறி வரும், அது அந்த ரேப் ரெக்கோடர் தானா சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற வேல, அத இனி ஆராலயும் திருத்த ஏலாது. மறுகா ஒராள் பாடுறார். நான் கேட்டன், கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். மறுகா அம்மாவ கூப்பிட்டன்.

அம்மா சொன்னதுதான் முதல்லயே எழுதிட்டனே.

அண்டைக்கு எனக்கு கோவம். எம்மா உங்களுக்கு மறந்து போச்சி, முப்பது வருசத்துக்கு மேலாச்சி எண்டு சொன்னன். அவ ஒண்டும் சொல்லாம குசினிக்குள்ள போயிட்டா. அடுத்த நாள் காலம தேத்தண்ணி தரேக்குள்ள "பாட்டு அதுதான், சொல்லும் அப்பாடதான், ஆனா பேய் பிடிச்ச மாதிரி ஓடுறார்" எண்டா. ஓடுறார் எண்டதுதான் மண்டையில தட்டினது. குரல் மெல்லிசாகி பாட்டும் வேகமாகினா அது ஆள் மாறினது இல்ல, நாடாட வேகம். என்ட டெக் சரி எண்டு நான் பாத்துட்டன். அப்ப பிழை 84ல.

விசயம் என்னண்டா பட்டறி இறங்க இறங்க ரெக்கோடர்ட மோட்டர் மெதுவாகும். மெதுவா ஓடின நாடாவில பதிஞ்சத சரியான வேகத்தில போட்டா எல்லாம் வேகமாகி கீச்சுக் குரல்ல வரும். கரண்டுல பிடிச்சிருந்தா ஒரு வழி இருந்திருக்கும், நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த ம்ம்ம் எண்ட இரைச்சல் கசெற்றுல எங்கயாவது பதிஞ்சிருக்கும், அத 50க்கு கொண்டு வந்தா காணும். ஊர்லதான் கரண்டே இல்லையே.

ஒடாசிட்டில சேஞ் ஸ்பீட் (புது வேர்ஷன்கள்ல சேஞ் ஸ்பீட் அண்ட் பிட்ச்) எண்டு ஒண்டு இருக்கு. பிட்ச் மட்டும் மாத்துறதும் டெம்போ மட்டும் மாத்துறதும் வேற வேறயா இருக்கு, அதுகளத் தொடாதீங்க, நாடா மெதுவாகினா ரெண்டும் சேந்துதான் மாறும், அதனால ஸ்பீட்தான் சரி. அம்மாவ பக்கத்தில கதிரை போட்டு இருத்தி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிப் போட்டன். மைனஸ் மூணு வீதம். "இன்னும்." மைனஸ் ஆறு. "இன்னும் கொஞ்சம் இழு." மைனஸ் எட்டு. மைனஸ் பத்துல அவ கைய நீட்டி என்ட கைய பிடிச்சிட்டா. "விடு. இதுதான்."

பாத்தீங்களா இதுல ஒரு சிக்கல். எனக்கு இது சரியா எண்டு தெரிய வழியே இல்ல. நான்தான் அந்தக் குரலக் கேட்டதில்லயே. அம்மா சொன்னத நம்பலாம், ஆனா ஞாபகம் எண்டது எப்பிடியான சாமான் எண்டு நமக்குத் தெரியாதா, சொந்த ஊட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்தது எண்டே நாலு பேர் நாலு விதமா சொல்ற குடும்பம் எங்கட. எனக்கு ஒரு அத்தாட்சி வேணும் எண்டு அடம். ராவைக்கு திருப்பித் திருப்பிக் கேட்டதில ஒண்டு பிடிபட்டது. கோயில் மணி. ஏ பக்கத்தில பல இடத்தில மணி அடிக்குது. ஆள் செத்தாலும் மணி இருக்குமே.

மாமா இப்ப சுவிஸ்ல, அவருக்கிட்ட வாட்ஸப்ல கேட்டன், அதே மணியா இப்பயும் எண்டு. "78 சூறாவளிக்கு கோயில்ர கூரை முழுக்கப் போயிட்டு, மணி மட்டும் மண்ணுக்குள்ள கிடந்தெடுத்தது, அத ஆரு மாத்துவான்" எண்டு வொய்ஸ் போட்டார். ஆனா அப்ப மாசம் மாசி. கோயில்ல பூசை செய்ற கட்டாடியாருக்கிட்ட போய் ஒருக்கா அடிச்சிப் பாக்கேலுமா எண்டு கேட்டதுக்கு அவர் என்ன மேலயும் கீழயும் பாத்திட்டு "கதவு திறக்காம மணியா? அம்மனுக்கு ஆரு பதில் சொல்ற?" எண்டார். கேட்டிருக்கவே கூடாது. மூணு மாசம் காத்துக்கிடந்தன். அதுக்குள்ள படப்பாட்டுக் கசெற் ஆறையும் இறக்கி முடிச்சிட்டன், அதெல்லாம் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாட குரலுக்காக வச்சிருக்கிறன், பாட்டு யூடியூப்ல கிடக்கு, பாட்டுக்கு முன்னால அவர் கதைக்கிற அந்த அரை நிமிசம் எல்லாம் கிடைக்காது.

வைகாசி வந்திச்சி. கதவு திறந்த அண்டைக்கு அம்மாவயும் ஏத்திட்டுப் போனன். சனம் எண்டா சனம். மணிக்குக் கிட்ட நிண்டு ஃபோன்ல பிடிச்சன், குரவை ஒரு பக்கம் பறை ஒரு பக்கம் பிள்ளையள் அழுற சத்தம் ஒரு பக்கம், ஆனா மணி மணிதான், எல்லாத்துக்கும் மேலால கேக்குது. பாடினது ஒரு இளந்தாரி. அம்மப்பா இருந்த அதே இடத்தில இருந்து அதே பாட்டு, ஏட்டுக்குப் பதிலா ஃபோட்டோக்கொப்பி அடிச்ச தாள். நல்லாத்தான் பாடினான், இடையில தாள் பறந்து ஒரு வரி விட்டுட்டான், பக்கத்தில இருந்த கிழவர் ஒராள் பாக்காமலே எடுத்துக் குடுத்தார்.

ஊட்ட வந்து கால் கழுவாம லாப்டொப்பத்தான் திறந்தன். ஒடாசிட்டில அனலைஸுக்குள்ள போய் ப்ளொட் ஸ்பெக்ட்ரம் எண்டு அமத்தினா சத்தத்தில என்னென்ன சுருதி இருக்கு எண்டு மலை மலையா காட்டும். ஃபோன்ல பிடிச்ச மணியில பெரிய மலை 620 ஹேர்ட்ஸ்ல, அடுத்தது 1550ல. கசெற்றுல, ஏ பக்கத்துக்கு நடுவில அடிக்கிற மணியில 668, 1670. கணக்குப் போட்டுப் பாருங்க, 1550ய 620ஆல பிரிச்சா ரெண்டரை, 1670ய 668ஆல பிரிச்சாலும் ரெண்டரை. அதே மணி. மாமா சொன்னது சரி. நான் அண்டைக்கு ராவு தனிய இருந்து சிரிச்சன், ஒரு மணி நாப்பது வருசமா அதே விகிதத்தில அடிச்சிட்டு இருக்கு.

இனி 620ய 668ஆல பிரிச்சா 0.928. அதாவது மைனஸ் ஏழு தசம் ரெண்டு. அம்மா சொன்ன பத்து இல்ல.

காலம விடிய அம்மாக்கிட்ட போய் பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னன், எம்மா நீங்க சொன்னது பிழை, மணி ஏழு சொல்லுது நீங்க பத்து சொல்றீங்க எண்டு. அம்மா மீன் வெட்டிட்டு இருந்தா. தலையத் தூக்கல்ல. "மணிக்கு என்ன தெரியும், அது என்ன அப்பாட பிள்ளையா" எண்டா.

எனக்கு அந்த மூணு வீதம் உறுத்திக்கொண்டே இருந்திச்சி. விட்டிருக்கலாம், ஆராவது கேக்கப் போறாங்களா. ரெண்டு நாள் கழிச்சி சும்மா வேற இடத்து மணிகளையும் அளந்து பாப்பம் எண்டு அளந்தன். ஏ பக்கம் தொடங்கி மூணாம் நிமிசத்தில அடிக்கிற மணி 651. நடுவில அதே 668. கடைசிக்கு கடைசி, நாடா முடியிறதுக்கு ரெண்டு நிமிசம் முன்ன அடிக்கிறது 690. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டு. வேகம் ஒண்டா நிக்கவே இல்ல, பட்டறி பாட்டோட பாட்டா இறங்கிட்டே போயிருக்கு. தொடக்கத்தில மைனஸ் அஞ்சு கிட்ட, நடுவில மைனஸ் ஏழு, கடைசில 620ய 690ஆல பிரிச்சிப் பாருங்க, மைனஸ் பத்து தசம் ஒண்டு.

அம்மா அண்டைக்கு கேட்டது எந்த இடம்? கடைசி இடம். மற்ற ஆக்கள் களைச்சி நிப்பாட்டின பிறகு அம்மப்பா தனிய பாடுற இடம், அதத்தான் போடு எண்டு கேட்டவ. நான் மணிய அளந்தது நடுவில, அவ காத வச்சது கடைசில. நாப்பது வருசம் கழிச்சி, ஹெட்போன்ல, மீன் வெட்டுற கையோட, ஒரு வீதம் பிசகாம சொல்லியிருக்கா. இதச் சொன்னா அவக்கு ஒரு புழுகமும் இல்ல. "நான் அப்பவே சொன்னனான்தானே" எண்டுட்டு நாடகம் பாக்கப் போயிட்டா.

பிறகு ஏ பக்கத்த திருத்தினது லேசு. ஒடாசிட்டில டைம் ட்ராக் எண்டு ஒண்டு போடலாம், அதுல ஒரு கோடு வரும், கோட்ட கீழ இழுத்தா வேகம் குறையும், மணி அடிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு புள்ளி வச்சி அந்தந்த அளவுக்கு இறக்கி விட்டன், இடையில அது தானா சரிவா போகும். 45 நிமிசப் பக்கம் 48 நிமிசத்துக்கு மேல நீண்டிட்டு. அந்த மூணு சொச்ச நிமிசமும் பட்டறி சாப்பிட்ட நேரம். திருத்தாத ஃபைல அப்பிடியே தனியா வச்சிருக்கன், அத ஒருத்தரும் தொடக்கூடாது, பின்னால ஆராவது என்னவிட நல்லா செய்வான். ஒரு கொப்பி லாப்டொப்ல, ஒண்டு வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்டு மாமாக்கு. ஊர்க் கோயில் ஆக்கள் ஓம் எண்டா நூலகம் எண்ட இணையக் காப்பகத்து ஆக்களுக்கும் ஒண்டு குடுக்க யோசிக்கிறன், 2005ல இருந்து எங்கட புத்தகம் பத்திரிகையெல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்கிறவங்க, இப்ப ஒலிப்பதிவும் வாங்கி வைக்கிறாங்க. ஆனா வழக்குரையும் குளுத்தியும் கதவு திறந்தாத்தான் பாடுற பாட்டு, அத நினைச்ச நேரம் ஆரும் கேக்கலாம் எண்டு வைக்கிறது சரியா எண்டு கட்டாடியாருக்கு ஒரு கேள்வி இருக்கு, அவர் கேக்கிறதிலயும் ஞாயம் இருக்கு. அதப்பத்தி இன்னும் பேசல்ல. மணி விசயத்தில பட்ட பாடு காணும் இப்போதைக்கு.

இப்ப பி பக்கம். ஏ பக்கம் முடியிற நேரத்தில மாமாட குரல் கீச்செண்டு கேக்குது, "பட்டறி இறங்கிட்டு போல". பி பக்கம் தொடங்கேக்குள்ள குரல் நல்லா தடிச்சி வருது, ஆனா பத்து நிமிசத்துக்குள்ள மறுகா கீச்சாகுது, ஏ பக்கத்தவிட படுவேகமா. புதுப் பட்டறி போட்டா இப்பிடி இறங்காதே எண்டு அம்மாக்கிட்ட கேட்டன். "புதுசு எங்கால, கொக்கட்டிச்சோலைக் கடை பூட்டியிருக்கும் அந்த நேரம். அதே பட்டறிய கழட்டி பொங்குற அடுப்புக்குப் பக்கத்தில வச்சி சூடாக்கிப் போட்டம். நான்தான் கொண்டுபோய் வச்சனான்." பட்டறி சூடானா கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும், மறுகா தொபுக்கெண்டு விழும். அம்மாக்கு அப்ப பதினாறு வயசு.

பி பக்கத்தில ஒரு இடத்திலயும் மணி அடிக்கல்ல. ரெண்டு தரம் முழுக்கக் கேட்டுட்டன். நாய் குலைக்குது, சேவல் ஒண்டு நேரங்கெட்டு கூவுது, பெத்தா ஆரையோ தள்ளி இருக்கச் சொல்லி ஏசுறா. அளக்க ஒண்டுமில்ல. நேத்து ராவு சாப்பிட்ட பிறகு அம்மா தானா வந்து கதிரைய இழுத்துப் போட்டு, கண்ணாடிய கழட்டி வச்சிட்டு, ஹெட்போன மாட்டினா.

"போடு மனே. நான் சொல்லேக்குள்ள நிப்பாட்டு."